ஆண்டுக் கணக்கும் ஆள் கணக்கும்

ஆண்டு இறுதிச் சட்ட இணக்கம் என்று மனிதவளத் துறையினருக்கு ஒரு கருத்தரங்கு கூட்டினால், படிவங்களைப் பற்றித்தான் பேச்சு இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. படிவங்களுக்கும் குறைவில்லை. தேசிய விடுமுறை நான்கோடு பண்டிகை விடுமுறை ஐந்தும் சேர்ந்த அடுத்த ஆண்டுப் பட்டியல், தொழிலாளர் நல நிதிக்குப் பிடித்த தொகை, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு தரவேண்டிய ஆண்டறிக்கை என்று வரிசை நீள்கிறது. இந்தக் கொடைக்கானல் மலையில் அவை வந்து விழும் நேரமும் தோதானதல்ல. அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று விடுதிகளில் அறை கிடைக்காத வாரங்கள் அவை. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் அதுவே. அந்த அவசரத்தில் நிரப்புகிற பதிவேட்டில் ஆய்வாளர் கேட்கப்போகும் கேள்விக்கு மட்டுமே விடை இருக்கும். அது போதாது என்பதே என் வாதம். பதினைந்து, இருபது ஆண்டு கழித்து, “நான் இங்கே வேலை பார்த்தேன், இந்தப் பிரிவில், இத்தனை நாள்” என்று வந்து நிற்கக்கூடிய தொழிலாளரை மனத்தில் வைத்து ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டும்.

இதற்குச் சான்று தேடி மலையிறங்க வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு 1983-ல் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர் என்று அது கைமாறியது. ஊருக்குள் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு குவிந்து கிடப்பது 2001 மார்ச்சில் வெளிப்பட்டதும் ஆலை நின்றது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. ஆலையை ஒட்டிய பாம்பார் சோலையின், மண்ணின் கதை வேறு அரங்குக்கு உரியது. நமக்கு உரியது ஆள்களின் கதை. முன்னாள் ஊழியர்களின் நலச் சங்கம் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 591 பேர் தொடர்பாக உடன்பாடு கையெழுத்தானது 2016 மார்ச்சில். அதுவும் மனிதாபிமான அடிப்படையில் தரும் தொகை என்ற பெயரில்தான். நிறுவனம் தன் மருத்துவக் கண்காணிப்பில் பாதிப்பு எதுவும் தென்படவில்லை என்றது. தொழிலாளர்கள் சிறுநீரகக் கோளாறையும் நரம்புக் கோளாறையும் காட்டினார்கள். நிபுணர் குழுக்களும் ஒரே குரலில் பேசவில்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்த உரையின் வேலையன்று. அத்தனை ஆண்டு வழக்காடியும் ஒரு மனிதரின் நோய்க்கும் அவர் பார்த்த வேலைக்கும் உள்ள தொடர்பை இரு தரப்பும் ஏற்கும்படி நிறுவ முடியாமல் போனது ஏன் என்பதுதான் நம் கேள்வி.

விடையின் ஒரு பாதி உடலியலில் இருக்கிறது. ஆவியாக மூச்சில் ஏறிய பாதரசம் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் போதும். ஆலை மூடிப் பல ஆண்டு கழித்து எடுக்கும் சிறுநீர்ச் சோதனை, பாதரசம் நிரப்பும் அறையில் 1990-ல் அவர் எவ்வளவு சுவாசித்தார் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை அந்தந்த ஆண்டில் எழுதிவைத்த தாள்களே: எந்தப் பிரிவு, எத்தனை நாள், அறைக் காற்றில் எவ்வளவு, அந்தப் பருவத்துச் சோதனை முடிவு என்ன. சட்டம் இதை அறியாததல்ல. போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41சி பிரிவு, நச்சுப்பொருளோடு வேலை செய்பவர்களின் உடல்நலப் பதிவைத் துல்லியமாக வைத்திருக்கவும் அதைத் தொழிலாளர் பார்க்க இடம் தரவும் சொன்னது. வேலையில் சேரும் முன்பும், வேலையில் இருக்கும்போதும், அந்த வேலையை விட்ட பிறகும்கூட, பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மருத்துவச் சோதனை என்றது. ‘விட்ட பிறகும்’ என்ற சொற்களை நம் ஆண்டு இறுதிச் சரிபார்ப்புப் பட்டியல்கள் எத்தனையில் காணலாம்? நடப்பில் சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் போன மாதமே ஆளும் கோப்பிலிருந்து போய்விடுகிறார்.

பாதரசம் அரிய பொருள், விடுதிக்கும் தோட்டத்துக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நஞ்சு இல்லாவிட்டாலும் நாள் கணக்கு உண்டு. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமானவராகக் கொள்கிறது. ஒருவரின் உரிமை அந்த 480-ஐ எண்ணிக் காட்ட முடிவதில் தொங்குகிறது. தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலைப் புரட்டினால் சிக்கல் தெரியும். முதல் ஆண்டில் ‘லட்சுமி’, மறு ஆண்டில் ‘மு. லட்சுமி’, ஆதாரில் ‘மகாலட்சுமி’. வருங்கால வைப்பு நிதியில் ஒரே பெண்ணுக்கு இரண்டு கணக்கு எண். அரை நாளுக்கு ஒரு கோடு, மழையால் நின்ற நாளுக்கு ஒரு புள்ளி, அதற்கு என்ன பொருள் என்பது எழுதிய மேஸ்திரிக்கு மட்டும் வெளிச்சம். விடுதிகளில் சீசன் முடிந்ததும் பெயரை அடித்துவிட்டு அடுத்த சீசனில் புது எண் போடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை சூழ்ச்சி என்று நான் நினைக்கவில்லை, வெறும் அசிரத்தை. ஆனால் சூழ்ச்சி செய்யும் கேட்டை அசிரத்தையும் செய்துவிடும்.

மறுப்புகள் மூன்று வரும். 29 சட்டங்களை நான்காகச் சுருக்கிய தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்து பதிவேடுகளே குறையும்போது, சுமையைக் கூட்டலாமா என்பது முதலாவது. பதிவேடு குறையட்டும், வரவேற்கிறேன். பத்துப் பதிவேட்டில் சிதறிக் கிடப்பதைவிட ஓர் ஆளுக்கு ஒரு கோப்பாக இருப்பதே நான் கேட்பது. உடல்நல விவரத்தை இருபது ஆண்டு வைத்திருப்பது தனிநபர் தரவுச் சட்டத்தோடு மோதாதா என்பது இரண்டாவது. படி ஒன்றைத் தொழிலாளர் கையிலேயே கொடுத்துவிட்டால் இந்த மோதலில் பாதி தீரும். மூன்றாவதை யாரும் மேடையில் சொல்வதில்லை. வழக்கறிஞர் அறையில் சொல்வார்கள். முழுமையான பதிவு நாளைக்கு நமக்கே எதிரான சான்றாகும் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆனால் கொடைக்கானல் வழக்கைப் பாருங்கள்: பாதிப்பில்லை என்று சொல்லும் நிறுவனமும் அதைப் பிறர் நம்பும்படி காட்டுவதற்கு அதே தாள்களைத்தான் நம்பியிருக்கிறது. ஆள்வாரியாக, ஆண்டுவாரியாக, தொழிலாளரும் கையெழுத்திட்ட பதிவு இல்லாத இடத்தில் சந்தேகம் இரு பக்கமும் வளரும். நிறுவனத்தின் பெயர் உலகமெங்கும் பாட்டாகப் பாடப்படும். 2015-ல் இந்த ஆலை விஷயத்தில் அதுவும் நடந்தது.

ஆகவே டிசம்பரில் கூடுதலாகக் கேட்பது சிறியது: ஒவ்வொருவருக்கும் அந்த ஆண்டின் வேலை நாள், பிரிவு, கையாண்ட பொருள், சோதனை முடிவு ஆகியவை அடங்கிய ஒரு பக்கத் தாள், தமிழில், பெயர் ஆதாரோடு ஒத்துப்பார்த்து. ஐந்து பேர் வேலை செய்யும் காட்டேஜிலும் ஒரு பிற்பகலில் முடியும். முடியாத ஒன்றும் இருக்கிறது. ஆலை மூடினாலோ தோட்டம் கைமாறினாலோ அந்தக் கோப்புகள் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்? தொழிலகப் பாதுகாப்பு இயக்ககமா, மாவட்ட ஆவணக் காப்பகமா, வைப்பு நிதி அலுவலகமா? இதற்கு என்னிடம் ஆயத்த விடை இல்லை. இன்றைய அமர்வுகளில் முதலாவதை இந்தக் கேள்விக்கே ஒதுக்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.