திரையை வாசிப்பதா, பொருளைப் பேசுவதா?

கணினி அறிவியலாளர் டி. வி. ராமன் 1965இல் புனேயில் பிறந்தார். பதினான்கு வயதில் கிளாகோமா என்னும் கண்நோய் அவருடைய பார்வையை முழுவதும் பறித்தது. வாடியா கல்லூரியில் கணிதம், பம்பாய் ஐஐடியில் கணினி அறிவியல் என்று படித்தவர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

‘எக்ஸின் அடுக்கு என் கூட்டல் ஒன்று’ என்று ஒருவர் ஒரு கணிதச் சூத்திரத்தை வாசித்துக் காட்டினால், அந்த ஒன்று அடுக்கோடு சேர்ந்ததா, வெளியே நிற்பதா? கண்ணுக்கு நொடியில் தெரிவது காதுக்குத் தெரியாது. கார்னெலில் ராமன் எழுதிய ‘ஆஸ்டர்’ நிரல் அடுக்கைச் சொல்லும்போது குரலின் சுருதியை ஏற்றியது. அடுக்கு முடிந்ததும் இறக்கியது. ஆஸ்டர் என்பது அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும்கூட. இந்த நிரலைப் பற்றி 1994இல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வேடு ஏ.சி.எம். என்னும் கணினியியல் அமைப்பின் சிறந்த ஆய்வேட்டுக்கான விருதைப் பெற்றது.

அடுத்த ஆண்டே, கணினியைப் பேச வைக்க அவர் எழுதிய ‘ஈமேக்ஸ்பீக்’ மென்பொருள் வந்தது. அவர் பணியின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. திரையில் ஒரு மாதக் காலண்டர். சாதாரணத் திரைவாசிப்பான் எண்களை வரிசையாக ஒப்பிக்கும். பதினைந்தாம் தேதி என்ன கிழமை என்பதைக் கேட்பவர்தான் கணக்குப் போட வேண்டும். ஈமேக்ஸ்பீக் நேராக ‘செவ்வாய், ஆகஸ்ட் 15’ என்று சொல்லிவிடும். திரையில் தெரிவதை அது ஒப்பிக்கவில்லை. நிரலுக்குள் இருக்கும் பொருளைப் பேசியது. பார்ப்பவருக்காகச் செய்து முடித்துவிட்டுக் குரலை ஒட்டவைப்பது வேறு, கேட்பவருக்கென்றே வடிவமைப்பது வேறு.

அடோபி, ஐபிஎம் நிறுவனங்களில் பணியாற்றியபின், 2005இல் கூகுளில் சேர்ந்தார். பொத்தானே இல்லாத தொடுதிரையில் எண்ணை எங்கே தேடுவது? அங்கே சக பொறியாளர் சார்லஸ் சென்னுடன் சேர்ந்து அவர் கண்ட வழி அழகானது: விரல் முதலில் படும் இடமே 5. அங்கிருந்து மேலே நகர்த்தினால் 2, கீழே நகர்த்தினால் 8. 2009இல் ஆண்ட்ராய்டில் வந்த ‘டாக்பேக்’ திரைவாசிப்பான் இந்த முயற்சிகளின் வழியில் வந்ததே.

பூந்தமல்லியில், பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு பிள்ளை கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், டாக்பேக்கும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆனால் செயலியை எழுதியவர் பொத்தானுக்குப் பெயர் எழுதாமல் விட்டிருந்தால், பெரும்பாலும் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்று மட்டுமே அது சொல்லும். தமிழ் அறிவிப்பை எழுத்தாகத் தராமல் படமாக ஏற்றினாலும் இதே போன்ற சிக்கல்தான். பொத்தானின் பெயரை எழுத நிரலாளருக்கு ஒரே ஒரு வரி போதும்.