செட்டையும் துடுப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், இளைஞர் பகுதியாரின் வேண்டுகோட்கு இணங்க நிகழ்த்திய சொற்பொழிவு)

   

தமிழாசிரியர் ஒருவர் நீச்சற் கருவியைப் பற்றிப் பேச முற்படுதல் சிலர்க்கு வியப்பை விளைக்கலாம். இலக்கணம் பேசுவார்க்கு நீரில் யாது வேலை என்று வினவுவாரும் இருக்கலாம். ஆயினும் யாம் இன்று பேசப் புகும் பொருளுக்கு வாயிலாக நிற்பது ஒரு சொல்லாராய்ச்சியே யாகும்.

நீந்துவோர் தம் காலிற் பூட்டிக்கொள்ளும் கருவியை இந்நாளிற் பலர் நீச்சல் துடுப்பு என்று எழுதுகின்றனர். மீனின் உறுப்பையும் பள்ளிப் புத்தகங்கள் துடுப்பு என்றே கூறுகின்றன. துடுப்பாவது ஓடம் வலிப்போன் கையிற் பிடிக்கும் கருவி. நம் மொழியில் இவ்வுறுப்புக்கு வேறொரு பெயரும் உண்டு. அது செட்டை என்பது. பறவையின் சிறகும் செட்டை. மீனின் உறுப்பும் செட்டை. இஃது உருவொப்புமை பற்றி எழுந்த பெயரே யாயினும், பொருளுண்மைக்கும் நன்கு பொருந்தி நிற்கின்றது. நீந்துதற்கேற்ற நல்ல கருவி துடுப்பின் இனத்தைச் சார்ந்ததன்று. சிறகின் இனத்தைச் சார்ந்தது. இதனை விளக்குவதே எமது இன்றைய கருத்து.

துடுப்பு நீரைத் தள்ளும் முறையை நோக்குமின். ஓடக்காரன் அதன் தட்டையான முகத்தால் நீரைப் பின்னே தள்ளுகின்றான். ஓடம் முன்னே செல்கின்றது. தள்ளி முடிந்தபின் அதனை மீண்டும் முன்னே கொணர்தல் வேண்டும். அப்பொழுது அவன் அதனை நீருக்கு மேலே தூக்குகின்றான். நீருக்குள்ளேயே கொணர்வானாயின் ஓடம் பின்வாங்கும். ஆகவே துடுப்பின் வேலையிற் பாதி பயன், பாதி வெறுமை. சிறகோ அங்ஙனமன்று. அது மேலுங் கீழுமாக அசைகின்றது. அசையுந்தோறும் தக்க கோணத்திற் சாய்கின்றது. அச்சாய்வினாற் காற்றைப் பின்னே ஒதுக்கிப் பறவையை முன்னே செலுத்துகின்றது.

இவ்வேறுபாட்டினைத் தம் இளமையிலேயே அனுபவத்தால் ஒருவாறு உணர்ந்தவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஆவர். 1706-ஆம் ஆண்டிற் பாஸ்டன் நகரிற் பிறந்த அவர், சிறுவராயிருந்தபோது 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள நீள்வட்டப் பலகைகள் இரண்டு செய்து, கட்டைவிரல் நுழைதற்குத் துளையிட்டு, உள்ளங்கையிற் பொருத்திக்கொண்டு நீந்தினார். விரைவு மிகுந்தது, ஆனால் மணிக்கட்டுகள் சோர்ந்தன. காலின் அடியிலும் பாதுகை போன்ற பலகைகளைக் கட்டிப் பார்த்தார். அவை அவர்க்கு நிறைவளிக்கவில்லை. நீந்துவோன் நீரை உதைப்பது உள்ளங்காலால் மட்டுமன்று, பாதத்தின் உட்புறத்தாலும் கணுக்காலாலுங்கூட என்று தாம் கண்டதாகப் பிற்காலத்துக் கடிதமொன்றில் அவர் எழுதியுள்ளார். தம் கருவியின் குறையைத் தாமே கண்டு கூறிய அந்நேர்மை நம் இளைஞர் போற்றத்தக்கது. அவர் செய்தவை துடுப்புக்கள்; ஆகலின் துடுப்பின் குறையே அவற்றிலும் இருந்தது.

இனி, காலிற் பூட்டும் செட்டையை உலகிற்கு அளித்தவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான லூயி தெ கோர்லியு என்பவர். 1914-ஆம் ஆண்டில் அவர் தம் கருவியைக் கடற்படையார் சிலர் முன்னிலையிற் செய்து காட்டினார். 1924-ஆம் ஆண்டிற் பதவியைத் துறந்து இதனையே தம் தொழிலாகக் கொண்டார். 1933-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரில் தாம் குடியிருந்த இல்லத்திலேயே செட்டைகளைச் செய்துவந்த அவர், 1939-ஆம் ஆண்டிலேதான் அவற்றைப் பெருந்தொகையாகச் செய்விக்கத் தொடங்கினார். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கருவியின்பொருட்டுப் பொறுத்திருந்த உள்ளம் எத்தகையது! அவர் அதற்கு இட்ட பெயர், நீந்துதற்கும் உயிர்மீட்புக்குமான உந்திகள் என்னும் பொருளது. உயிர்மீட்பு என்னும் அச்சொல்லை மறவாதிருங்கள்; யாம் முடிவில் அதற்கே மீள்வோம்.

அவரிடம் உரிமை பெற்று அமெரிக்காவில் இதனைச் செய்வித்தவர் ஓவன் சர்ச்சில் என்பவர். 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற் பாய்மரப் படகோட்டிப் பொற்பதக்கம் பெற்றவர் அவர். 1940-ஆம் ஆண்டில் அவர் விற்றவை 946 இணைகளே. இரண்டாம் உலகப்போரிற் கடற்படையினர் அதனை மேற்கொண்ட பின்னரே அது எங்கும் பரவிற்று.

இவ்விரப்பர்ச் செட்டை வளைந்து கொடுப்பது. மேலுங் கீழுமாக அசைவது. ஆகவே துடுப்பினின்று சிறகை நோக்கி ஓரடி எடுத்து வைத்தது எனலாம். ஆயினும் அஃது உருவத்திற் சிறகன்று. காலின் நீட்சியாக நீண்டு, பக்கங்களிற் குறுகியது. உண்மையான சிறகைக் காண வேண்டின், நெய்தல் நிலத்தார் ஓங்கில் என்று வழங்கும் டால்பினின் வாலைக் காணல் வேண்டும்.

மீன்கள் வாலை இடம் வலமாக அசைப்பன. ஓங்கிலோ மேலுங் கீழுமாக அசைப்பது. அதன் வாற்செட்டை இருபுறமும் பிறைபோல் விரிந்துள்ளது. நடுவே செல்லும் வாலெலும்பை யன்றி விரிந்த பக்கங்களில் எலும்பில்லை. உறுதியான நார்ப்பொருளால் அவை ஆயவை. குறுக்கே அறுத்து நோக்கின் முன்விளிம்பு உருண்டும், பின்விளிம்பு மெலிந்தும், விமானச் சிறகின் உருவத்தை ஒத்திருக்கும்.

இவ்விலங்கைப் பற்றி ஒரு புதிரும் இருந்தது. ஆங்கில விலங்கியல் அறிஞர் ஜேம்ஸ் கிரே என்பார் 1936-ஆம் ஆண்டிற் கணக்கிட்டு, ஓங்கில் செல்லும் விரைவுக்கு அதன் தசைகள் ஏழு மடங்கு வலிமை உடையனவாதல் வேண்டும் என்றார். அவ்வலிமை தசைக்கு இல்லையாகலின், அதன் தோலில் ஏதோ மறை உளது என்று பலர் கருதினர். அமெரிக்க ஆய்வாளர் டிமொதி வெய் என்பாரும் அவர் குழுவினரும் நீரிற் சிறு குமிழிகளை எழுப்பி, ஓங்கில் நீந்துங்கால் அக்குமிழிகள் நகரும் விரைவை அளந்தனர். வாலின் உந்துவிசை அதன் விரைவுக்குப் போதியதே என்று 2008-ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர்.

விரிந்த செட்டையாற் பயன் மிகுவது எவ்வாறு? இதற்குச் சிறிது கணக்குப் போதும். ஒருவன் விநாடிதோறும் 10 கிலோகிராம் நீரை, விநாடிக்கு 2 மீட்டர் விரைவிற் பின்னே தள்ளுகின்றான் என்க. அவனுக்குக் கிடைக்கும் உந்துவிசை 20 நியூட்டன். மற்றொருவன் விநாடிதோறும் 40 கிலோகிராம் நீரை, விநாடிக்கு அரை மீட்டர் விரைவிலேயே தள்ளுகின்றான் என்க. அவனுக்குக் கிடைப்பதும் அதே 20 நியூட்டன். ஆனால் பின்னே செல்லும் நீர் வாரிக்கொண்டு போகும் ஆற்றல் முன்னவனுக்கு 20 வாட். பின்னவனுக்கு 5 வாட். உந்துதல் ஒன்றே, வீண் நான்கில் ஒன்று. சிறிது நீரைக் கடுமையாக அடிப்பவன் சோர்வான். மிகுந்த நீரை மெல்லத் தள்ளுபவன் நெடுந்தொலை செல்வான். செட்டை பக்கங்களில் விரிய விரிய, ஓரசைவில் மிகுந்த நீர் அதற்கு அகப்படுகின்றது. அதன் நுனிகளிற் சுழலாகிக் கழியும் ஆற்றலும் குறைகின்றது.

விரிவு மட்டும் போதுமோ? போதாது. வளைவும் வேண்டும். நம் வீட்டுப் பனையோலை விசிறியை நினையுங்கள். காம்பு உறுதியாயும், ஓலையின் விளிம்பு சிறிது வளைந்து கொடுப்பதாயும் இருத்தலின் அது காற்றை நன்கு செலுத்துகின்றது. அதற்கு ஈடாகப் பலகையைக் கொண்டு விசிறின் கை நோகும்; மேற்றுண்டைக் கொண்டு விசிறின் அது துவண்டு போம். செட்டையும் அத்தன்மையதே. சிறிதும் வளையாதாயின், நீர் மேலுங் கீழுமே தள்ளப்படும், பின்னே செல்லாது. மிக வளையுமாயின், நீருக்கு வழிவிட்டு வாளா கிடக்கும். காலின் அசைவுக்கேற்பத் தானே சாய்ந்து, சாய்ந்த நிலையில் தாங்கி நின்று, அசைவு மாறும்போது மறுபுறம் சாய்வதே செவ்விய செட்டை. சாய்வு குறைந்து நீரை நேர்முகமாக எதிர்க்குமாயின், நீர் செட்டையின் முதுகை ஒட்டி ஓடாமற் பிரிந்து சுழலும், உந்துதல் கெடும். ஆகவே அடியிற் கனமும் விளிம்பில் மென்மையும் படிப்படியாக அமைதல் வேண்டும். நீந்துவோனின் வலிமைக்கும் உடலளவுக்கும் ஏற்ப அவ்வளைவு வேறுபடும். மல்லனுக்கு உகந்தது மாணவனுக்கு ஆகாது.

இவற்றை யெல்லாம் உட்கொண்டு, அமெரிக்கரான டெட் சியாமில்லோ என்பவர் ஓங்கிலின் வாலைப் பின்பற்றி லூனோசெட் என்னும் கருவியை அமைத்தார். இரு பாதங்களையும் ஒருங்கே பூட்டும் அதன் விரிவு ஒரு மீட்டரை ஒட்டியது. நாம் தொடக்கத்திற் கண்ட செட்டை என்னும் பெயர் அதற்கு முற்றும் பொருந்துவது காண்க.

தாமே செய்து பார்க்க விழையும் இளைஞர்க்குச் சில கூறுவோம். முன்விளிம்பை உருட்டுங்கள், பின்விளிம்பை இழையுங்கள். ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுங்கள். வளைவையும் விரிவையும் ஒருங்கே மாற்றின் எதனால் நன்மை விளைந்தது என்று தெரியாது. ஒரே ஆள், ஒரே தொலைவு, ஒரே அளவு ஓய்வு என வைத்து, எத்தனை உதையில் எத்தனை விநாடியிற் கடந்தார் என்று எழுதி வையுங்கள். தோற்ற முயற்சியையும் எழுதுங்கள். பிராங்க்ளின் எழுதினார் அன்றோ? இடுப்பளவு நீரில், அருகே நீந்தத் தெரிந்த ஒருவர் நிற்க, ஓரிழுப்பிற் கழலும் கட்டுடன் மட்டுமே சோதியுங்கள். இரு காலையும் பிணிக்கும் கருவி, அஞ்சியவனுக்கு விலங்காகும்.

இனி எம் உள்ளத்திற் பாரமாயிருப்பதைக் கூறி முடிப்போம். கோடை விடுமுறைதோறும் குளத்திலும் ஆற்றிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்து அலறும் இல்லங்களை நாம் அறிவோம். மூழ்குவோனைக் காக்கக் குதித்தவனும் மூழ்கிய செய்திகளைக் கேட்கின்றோம். அவனிடம் அன்பு இருந்தது, வலிமையும் இருந்தது, முறை இருந்ததில்லை. நீரை வெறுமனே அடித்து அடித்து அவன் வலிமை கரைந்தது. கோர்லியு தம் கருவிக்கு உயிர்மீட்பு என்னும் சொல்லைச் சேர்த்துப் பெயரிட்டதன் பெருமை அப்பொழுதே நமக்குப் புலனாகும். ஆயினும் கருவி கல்விக்கு ஈடாகாது. வெறுங்காலோடு நீந்தத் தெரியாதவனைச் செட்டை காவாது. ஆழத்துக்கு அழைத்துச் சென்று கைவிடும்.

நம் முன்னோர் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் என்று மேடைதோறும் பேசுகின்றோம். அப்பெருமையைப் பேசுவதனால் ஒரு பிள்ளையும் மிதவாது. கல்வி நிதிக்கு ஆண்டுதோறும் பொருள் திரட்டும் நம் சங்கம், அதில் ஒரு சிறு பகுதியை ஊர்தோறும் நீச்சல் பயிற்றுதற்கு ஒதுக்குமாறு இவ்வவையின்முன் விண்ணப்பிக்கின்றோம். ஆண் மக்களுக்கு மட்டுமன்று, பெண் மக்களுக்கும் அப்பயிற்சி வேண்டும். தண்ணீர் ஆண் பெண் என்று பிரித்துப் பாராது. நம் குலத்துப் பிள்ளைகளோடு அவ்வூர்ப் பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து பயில்வாராக. கரையில் நிற்பவன் காப்பாற்றுமுன் மூழ்குவோனின் குலத்தை வினவான்.

வலிமையை வீணாக்காது அளவறிந்து செலுத்துவதும், வளைய வேண்டிய இடத்தில் வளைந்து தாங்க வேண்டிய இடத்தில் தாங்குவதும் செட்டை நமக்குக் காட்டும் நெறி.