கூரை யாருடையது?

(சங்கத்தின் மும்பை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்தொழிலுக்கு அரசாங்கம் பணம் தருகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். தருகிறது, நான் மறுக்கவில்லை. யாருக்குத் தருகிறது என்பதுதான் என் கேள்வி.

மேலிருந்து தொடங்குவோம். சூரிய மின்தகடுகளை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2021-ல் 4,500 கோடி ரூபாயும், 2022-ல் மேலும் 19,500 கோடி ரூபாயும் ஊக்கத்தொகையாக ஒதுக்கியது. ஏலத்தில் வென்றவர்கள் யார்? ரிலையன்ஸ், டாட்டா போன்ற பெருமுதலாளிகள். அயல்நாட்டுத் தகட்டை நம்பியிராமல் இங்கே ஆலை எழுவது நல்லதுதான். ஆனால் அந்த வாசல் கோடிகளை முதல் போடக்கூடியவனுக்கே திறக்கும்.

சரி, சாதாரண மக்களுக்கு? 2024 பிப்ரவரியில் 'பி.எம். சூர்ய கர்' திட்டம் வந்தது. ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. ஆக மொத்தம் 78,000 ரூபாய் வரை மானியம். ஆனால் விதி என்ன? விண்ணப்பிப்பவருக்குச் சொந்த வீடு வேண்டும். தகடு பொருத்தத் தகுந்த கூரை வேண்டும்.

தாராவியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவனுக்கு ஏது கூரை? அவன் தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் அல்லவா குடியிருக்கிறது! நம் பிள்ளைகள் வயரிங் தொழிலாளிகளாக ஊரார் மாடியில் ஏறித் தகடு மாட்டுகிறார்கள். இறங்கி வந்து தங்கள் மின்விசிறிக்கு முழுக் கட்டணம் கட்டுகிறார்கள். இதுதான் இன்றைய நிலை.

அதற்காக ஒதுங்கி நிற்பதா? கூடாது. கிடைப்பதை வாங்குவோம், மறுப்பதைக் கேட்போம்.

கிடைப்பவை மூன்று. ஒன்று, 2008-ல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம். தகடு பொருத்தும் பணி போன்ற சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்டம் போடலாம். நகரத்தில் பொதுப்பிரிவினருக்கு மானியம் 15 சதவீதம். பெண்கள், பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், சிறுபான்மையினருக்கு 25 சதவீதம். மானியம் கையில் வராது. மூன்றாண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். இதை அறியாமல் கடன் வாங்கி விழிக்க வேண்டாம்.

இரண்டு, முத்ரா கடன். 2015-ல் வந்தது; அடமானம் இல்லாமல் 10 லட்சம் வரை கேட்கலாம்; அதை ஒழுங்காக அடைத்தவர்கள் 2024 முதல் 20 லட்சம் வரை கேட்கலாம்.

மூன்று, குடிசை மாற்றுக் கட்டடங்களில் வீடு பெற்றவர்களுக்கு. உங்கள் வீட்டுவசதிச் சங்கத்துக்கு மொட்டைமாடி உண்டு. லிப்ட், தண்ணீர் மோட்டார் போன்ற பொது வசதிகளுக்குத் தகடு வைத்தால், சூர்ய கர் திட்டத்திலேயே கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும். பராமரிப்புச் செலவு கட்டமுடியாமல் லிப்டை நிறுத்தி, ஆறாவது மாடிக்குக் கிழவிகளை நடக்கவைக்கும் சங்கங்கள் இதை முதலில் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சான்றிதழ் கேட்பார்கள். சொந்த மாநிலத்தில் பட்டியலினத்தவராக இருப்பவர், குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்த உரிமையைத் தானாகப் பெறமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்தது. ஆகவே எந்தச் சான்றிதழ் ஏற்கப்படும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி நம் கோரிக்கை. வேறோர் இடத்தில் பொதுவாகத் தகடு வைத்து, அதில் விளையும் மின்சாரத்தைப் பங்குதாரர்களின் மின் கட்டணத்தில் கழிக்க முடியும். டில்லியில் 2019-லேயே இதற்கு விதி வகுத்தார்கள். பள்ளிக்கூட மாடியும், ரயில்வே கொட்டகையும் இருக்கின்றன. வாடகைக் குடியிருப்பாளருக்கும் அதில் பங்கு வேண்டும். அந்தப் பங்குக்கும் மானியம் வேண்டும். வரிப்பணத்தில் நாமும் போட்டிருக்கிறோம். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறான், தோழர்களே!

கூரை ஒருவனுக்குச் சொந்தமாக இருக்கலாம். வெயில் எல்லோருக்கும் பொது. அதற்கு அரசாங்கம் கொடுக்கும் பணமும் பொதுவாகட்டும்.