இடம் கேட்பது உரிமை



"ஏழை வீட்டுப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்ப்பார்களா?" என்று பலர் கேட்கிறீர்கள். சேர்க்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கல்வி பெறுவது பிள்ளைகளின் உரிமை. தனியார் பள்ளி, தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கும் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் தர வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கு விலக்கு உண்டு.

கட்டணம் யார் கட்டுவது? பெற்றோர் அல்ல, அரசு. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு வரை, அரசு அந்தப் பள்ளிக்குக் கொடுக்கும். அது நம் வரிப்பணம்.

மகாராஷ்டிரத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2024 பிப்ரவரியில் அரசு விதியை மாற்றியது. ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால், தனியார் பள்ளி இந்த இடங்களைத் தர வேண்டாம் என்றது. வழக்கு நடந்தது. ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. விதி, சட்டத்தை மீறக் கூடாது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

எல்லோருக்கும் தனியார் பள்ளியில் இடம் கிடைக்காது. அரசுப் பள்ளியும் நன்றாக நடக்க வேண்டும். அதன் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போங்கள். கணக்கைக் கேளுங்கள்.

இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். அறிவிப்பைப் படியுங்கள். விண்ணப்பத் தேதியைத் தவற விடாதீர்கள். இடம் கேட்பது பிச்சை அல்ல, உரிமை!