சந்திரமுகிக்கு எந்த முடிவு?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நரிக்குடியில் ஆற்றிய உரை)



கதையின் முடிவைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு திரைப்படத்தைத் தேர்ந்துகொண்டேன். இலக்கிய மேடையில் பேய்ப்படமா என்று சிலர் எண்ணக்கூடும். சிரித்தும் நடுங்கியும் நம் மக்கள் மீண்டும் மீண்டும் பார்க்கும் கதையை ஒதுக்குதல் தகாது என்பதே என் விடை.

1993இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்ரத்தாழ்'. பி. வாசு அதனை 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என்றும், 2005இல் தமிழில் 'சந்திரமுகி' என்றும் எடுத்தார். வேட்டையன் என்னும் மன்னன் ஆடல்மகள் ஒருத்தியின் காதலனைக் கொன்று அவளையும் எரிக்கிறான். நெடுங்காலத்துக்குப் பின் அம்மாளிகைக்கு வரும் கங்கா, தன்னையே அவளாக எண்ணிப் பழிதீர்க்கத் துடிக்கிறாள். மருத்துவர் சரவணன் அச்சினத்தைத் தடுக்கவில்லை, நிறைவேற விடுகிறார். அவள் எரிப்பது ஒரு பொம்மையை. பழி தீர்ந்ததென மனம் நம்புகிறது, நோய் நீங்குகிறது.

இம்முடிவை வைத்து இரு கட்சியாக வாதிடலாம். பேய் மெய்யே, அதனை ஓட்டியிருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. 2023இல் வந்த 'சந்திரமுகி 2' அப்பக்கம் சாய்ந்து, ஆவியை மெய்யாகவே கொண்டுவந்தது. நோய்தான், அதைத் தீர்த்ததே சரி என்பது மறு கட்சி. நான் மறு கட்சியைச் சேர்ந்தவன். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. கங்கா பிழைத்தாள், எரிக்கப்பட்டவளுக்குக் கிடைத்தது என்ன?

முடிவை மாற்றுதல் பிற நாட்டிலும் நடந்ததே. 1986இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஓஸ் இயக்கிய 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்', ஆளை விழுங்கும் செடியைப் பற்றிய நகைச்சுவைப் படம். நாயகனும் நாயகியும் செடிக்கு இரையாவதாகவே முதலில் எடுத்தனர். வெள்ளோட்டம் பார்த்தவர்கள் வெறுத்ததால் இருவரும் பிழைப்பதாக மாற்றினர். பழைய முடிவு 2012இல்தான் முழுமையாக வெளிவந்தது. நாடகத்தில் செத்தவர் இறுதியில் எழுந்து வந்து வணங்குவர். திரைப்படத்தில் செத்தவர் செத்தவரே என்பது இயக்குநர் தந்த விளக்கம். கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

தாம் நேசித்தவர் சாகக் கூடாது என்பதே அங்கே பார்வையாளர் கேட்டது. நம் மரபோ, செத்தவளுக்கும் ஒரு முடிவு கேட்டது. சிலப்பதிகாரம் மதுரை எரிந்ததோடு நின்றிருக்கலாம். வஞ்சிக் காண்டம் பிற்சேர்க்கை என வாதிட்ட அறிஞர்களும் உண்டு. அக்காண்டத்தில்தான் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கண்ணகிக்குக் கோயில் எடுக்கிறான். அருப்புக்கோட்டை, திருச்சுழி என விரியும் வானம் பார்த்த இப்பூமிக்கும், தென்சீமை முழுமைக்கும் இது அயலான செய்தியன்று. கொலையுண்ட பெண்ணைத் தெய்வமாக்கிப் பொங்கலிடும் வழக்கம் இங்கு உண்டு. அவளை ஓட்டுவதில்லை, பொம்மையைக் காட்டி ஏமாற்றுவதுமில்லை, ஊரில் ஓர் இடம் கொடுக்கிறோம். சந்திரமுகிக்கு இதுவே மூன்றாவது முடிவு.

ஆனால் நண்பர்களே, இதிலும் ஒரு வஞ்சம் உண்டு. கொன்றவன் வழியினரே அஞ்சிக் கல் நட்டுக் கும்பிடுவதும் நடந்திருக்கிறது. மாலை விழுந்ததும் கொலை மறைந்துபோகிறது; தெய்வமானவள் வழக்குரைக்க முடிவதில்லை. சோற்றைப் படைத்து வாயை அடைப்பதும் ஒருவகை ஓட்டுதலே.

ஆகவே கல் மட்டும் போதாது. கல்லோடு கதையும் வேண்டும். யார் கொன்றான், எதற்காகக் கொன்றான் என்பதைப் பெயரோடு சொல்லும் பாட்டு வேண்டும். அதனைப் பாடுவது மருத்துவர் வேலையன்று, மந்திரவாதி வேலையுமன்று. இங்கே அமர்ந்திருக்கும் கவிஞர்களின் வேலை. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம், நம் ஊர்களின் கல்லாய் நிற்கும் பெண்களின் கதைகளைக் கேட்டு எழுத முன்வர வேண்டும்.