தாயின் மனச்சுமை
(கலேவெலயில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழைக்கும் தாயைப் புகழ்ந்து பேசுதல் எளிது. அவள் உள்ளம் படும் பாட்டை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நம் மாத்தளை மாவட்டத்துத் தோட்டத் தாயொருத்தி விடியுமுன் எழுந்து, சமைத்து, குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் ஒப்புவித்துவிட்டுக் கூடையுடன் மலையேறுகின்றாள். கை கொழுந்து பறிக்கின்றது. மனமோ மடுவத்தையே சுற்றுகின்றது. மாலையில் திரும்பினால் அடுப்பும் துணியும் காத்திருக்கின்றன. கலேவெலயில் வயலுக்கும் கடைக்கும் கந்தோருக்கும் செல்லும் தாய்மாரும் இப்பாரத்தை அறிவர்.

சட்டம் உதவாமலில்லை. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தொழில்புரியும் தாய்க்கு லீவு வழங்கிற்று. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் மூன்றாம் பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைகளுக்கும் 12 வார லீவு உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட நாளில் இரு இடைவேளைகளும் உண்டு. 1984 இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. சம்பளம் சமமாயிற்று, அடுப்படி வேலை சமமாயிற்றா?

ஓய்வின்றி உழைப்பவளின் மனம் ஒருநாள் தளர்கின்றது. உறக்கம் வராது, காரணமின்றி அழுகை வரும், பெற்ற பிள்ளைமீதே எரிச்சல் எழும். நாமோ அதனைச் சோம்பல் என்கின்றோம், கண்ணூறு என்கின்றோம். அது நோயாகவும் இருக்கலாம். வைத்தியத்தால் மாற்றவும் கூடும். திருநீறு இடுங்கள்; வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். வீடு தேடி வரும் மருத்துவமாதிடம் மனம்விட்டுச் சொல்லலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கின்றது.

வீட்டுவேலை ஆண்மைக்கு இழுக்கென்போர்க்கு ஒன்று சொல்வேன். திருச்சிராப்பள்ளியிலே இரத்தினாவதி பிள்ளைப்பேற்று வேதனையில் இருந்தபோது, காவிரி வெள்ளத்தால் அவள் தாய் வரவியலாது போயிற்று. ஈசனே தாயாகி வந்து பணிவிடை செய்தார். தாயுமானவர் என்று பெயர் பெற்றார். எம்பெருமானுக்கு இழுக்காகாத தொண்டு நமக்கு இழுக்காகுமோ?

இளைஞர்களே! இன்று வீடு சென்றதும் தாயிடமோ மனைவியிடமோ ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் அள்ளுங்கள், பிள்ளையைத் தூங்க வையுங்கள். “களைப்பாக இருக்கிறதா?” என்று கேட்டு, அவள் சொல்வதை முழுதும் கேளுங்கள். மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத் தேரை எத்தனை கைகள் வடம் பிடிக்கின்றன! குடும்பத் தேரை மட்டும் ஒருத்தியே இழுக்க விடலாமா?