பதினொரு தடைகளும் சில தேர்தல் அறிக்கைகளும்
(என். சிவராஜ் நினைவு உரை, காரைக்குடி)



தோழர்களே, மாணவ நண்பர்களே, இந்த அரங்கில் நாம் வழக்கமாகக் கதையும் கவிதையும் பேசுகிறோம். இன்று தேர்தல் அறிக்கைகளைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தபோது எங்களுக்குள்ளேயே சிலர் சிரித்தார்கள். தேர்தல் அறிக்கையை யார் படிக்கிறார்கள்? அச்சடித்த கட்சிக்காரரே படிப்பதில்லை. ஆனால் என். சிவராஜ் பெயரில் பேச வந்திருக்கிறோம். அவர் 1942 நாகபுரி மாநாட்டில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சட்டக் கல்லூரிப் பேராசிரியர், சென்னை மேயர், பிறகு 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர். கட்சி என்றால் என்ன, அது எதற்கு வாக்குக் கொடுக்கலாம், கொடுத்த வாக்கை எந்த இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர்களில் ஒருவர். அவரை நினைவுகூரும் மேடையில் அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

முதலில் நம் மண்ணிலிருந்து தொடங்குவோம்.

1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், கள்ளர் நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டையோ பனியனோ போடக்கூடாது. முடியைக் கிராப் வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது.

இந்தப் பட்டியல் பலருக்குத் தெரியும். நம் எழுத்தாளர்கள் கதைகளில் எடுத்தாண்டிருக்கிறார்கள். நம் மக்கள் இதற்குக் கட்டுப்படாதபோது குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தையும் பொருளையும் அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். அதுவும் பதிவில் இருக்கிறது.

அதிகம் பேசப்படாதது அடுத்த பட்டியல். 1931 ஜூனில் மீண்டும் கூடி, இந்தமுறை பதினொரு தடைகளை எழுதினார்கள். அதை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆதிதிராவிடப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது. மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் மிராசுதாரின் பண்ணையில் அடிமை வேலை செய்ய வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிரிடக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது, மழையில் தானாக ஏதாவது விளைந்தாலும் அதை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை கூலி வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது. மணமகன் குதிரையில் போகக்கூடாது. ஊர்வலத்துக்குப் பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றிச் சுமந்துகொள்ளலாம்.

முதல் பட்டியல் உடம்பைப் பற்றியது. ஆறே மாதத்தில் வந்த இரண்டாவது பட்டியல் நிலம், நீர், கூலி, வேலை நேரம், பள்ளிக்கூடம் என்று போகிறது. ஏன்? சட்டையைத் தடுத்தால் மட்டும் போதாது, சட்டை வாங்கும் காசு வரும் வழியையும் அடைக்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பொருளாதார உரிமை வேறு, சமூக உரிமை வேறு என்று நம் அரசியல் வகுப்புகளில் மணிக்கணக்காக விவாதிக்கிறோமே, அந்த நாட்டார் கூட்டத்தில் யாரும் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தப் பதினொன்றையும் தலைகீழாகத் திருப்பி எழுதினால் நமக்கான தேர்தல் அறிக்கை கிடைத்துவிடும். கல்வி, குத்தகை உரிமை, நில உரிமை, பாசன உரிமை, வேலை நேரம், குறைந்தபட்சக் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி, மேளம். மேளத்தை விட்டுவிடாதீர்கள். அதுவும் உரிமைதான்.

அப்படித் திருப்பி எழுதிய கட்சி எது?

1947 மார்ச்சில் அரசியல் நிர்ணய சபையின் அடிப்படை உரிமைகள் துணைக்குழுவுக்கு அம்பேத்கர் ஒரு மனுக் கொடுத்தார். ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்று நாம் அறிந்த ஆவணம். பலர் அதை அம்பேத்கரின் தனிப்பட்ட நூல் என்று நினைக்கிறார்கள். அது பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் தயாரான மனு. ஒரு கட்சியின் ஆவணம். அப்போது அந்தக் கட்சியின் தலைவர் சிவராஜ்.

அதில் உள்ள திட்டம் இதுதான். விவசாயம் அரசுத் தொழிலாக இருக்க வேண்டும். தனியாரிடம் உள்ள விவசாய நிலத்தை இழப்பீட்டுப் பத்திரம் கொடுத்து அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பண்ணைகளாகப் பிரித்து, சாதி மதம் பார்க்காமல், ஊரில் உள்ள குடும்பங்களின் குழுக்களுக்குக் கூட்டாகப் பயிரிடத் தர வேண்டும். நிலப்பிரபுவும் இல்லை, குத்தகைதாரரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை. தண்ணீர், உழவு மாடு, கருவி, எரு, விதை எல்லாவற்றுக்கும் அரசு முதல் போட வேண்டும். முக்கியத் தொழில்களும் காப்பீடும் அரசின் கையில் இருக்க வேண்டும். பத்தாண்டுக்குள் இதை நிறைவேற்ற வேண்டும்.

இன்னொரு பகுதி உண்டு. காரைக்குடியில் பேசுவதால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஊர்க்கட்டுப்பாடு போட்டு ஒருவரை ஒதுக்குவதை, அவருக்கு வேலை மறுப்பதை, கடையில் சாமான் மறுப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்று அந்த மனு கேட்கிறது. அந்தப் பிரிவுகளை அம்பேத்கர் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? 1922ஆம் ஆண்டின் பர்மா புறக்கணிப்புத் தடுப்புச் சட்டத்திலிருந்து. செட்டிநாட்டில் பர்மா என்றால் தேக்கு மரமும் வட்டிக்கடையும். ஒவ்வொரு பெரிய வீட்டின் தூணைத் தொட்டும் பர்மா கதை சொல்வார்கள். அதே பர்மாவிலிருந்து ஒரு சட்டத்தையும் எடுத்து வந்திருக்கலாம் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியது மகாராஷ்டிரத்துக்காரர் ஒருவருக்கு.

அந்த மனுவின் உயிர்நாடி ஒன்றுதான்: இவை எல்லாம் அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட வேண்டும். சாதாரணச் சட்டமாக இருந்தால் இன்றைய பெரும்பான்மை இயற்றியதை நாளைய பெரும்பான்மை ரத்து செய்துவிடும் என்று அம்பேத்கர் வாதிட்டார். பெரும்பான்மை எப்போதும் நம் பக்கம் இருக்காது என்று தெரிந்த ஒரு கட்சியின் யோசனை அது.

அது நடக்கவில்லை. நிலமும் கூலியும் வாழ்வாதாரமும் சாசனத்தின் நான்காம் பகுதிக்குப் போயின. 38, 39, 41, 43, 46 என்று அழகான விதிகள். அவற்றுக்கு முன்னால் 37ஆவது விதி நிற்கிறது: இவற்றை எந்த நீதிமன்றத்திலும் கேட்டு வாங்க முடியாது. வரைவுக்குழுத் தலைவராக இருந்து அந்த நான்காம் பகுதியைச் சபையில் ஆதரித்துப் பேசியவரும் அம்பேத்கரே. இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. சபையில் அவருக்குப் பின்னால் ஒரு கட்சி இல்லை. சாசன வரைவு முழுவதும் அவர் கையில் இருந்தது, வாக்குகள் காங்கிரஸ் கையில் இருந்தன.

1951இல் முதல் பொதுத்தேர்தலுக்குக் கூட்டமைப்பு தன் அறிக்கையை வெளியிட்டது. 1947இன் வேகம் அதில் இல்லை. எந்த ‘இசத்துக்கும்’ கட்சி கட்டுப்படாது என்கிறது. நிலம் முழுவதையும் அரசுடைமையாக்கும் பேச்சு இல்லை. பெரிய பண்ணைகள், இயந்திர உழவு, தரிசு நிலங்களில் நிலமற்றோரைக் குடியமர்த்துதல் என்று இறங்கி வருகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் அந்த அறிக்கை இன்றைய அறிக்கைகளை வெட்கப்பட வைக்கும். பணம் எங்கிருந்து வரும் என்று சொல்கிறது. மதுவிலக்கை நீக்கு, காப்பீட்டை அரசுடைமையாக்கு, உப்பு வரியை மீண்டும் போடு. 1954இல் மாநிலங்களவையில் அம்பேத்கர் இன்னும் ஒரு படி மேலே போனார்: உப்பு வரிப் பணத்தில் காந்தி பெயரில் ஒரு அறநிதி தொடங்கி, தீண்டப்படாத மக்களைப் புது நிலங்களில் குடியமர்த்து! காந்தி எதிர்த்து நடந்த அதே உப்பு வரியை அவர் பெயரிலேயே வசூலித்து நமக்கு நிலம் வாங்கச் சொல்கிறார். சொல்லும்போது அம்பேத்கர் சிரித்திருப்பார் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. மதுவிலக்கை நீக்கும் ஆலோசனை தமிழ்நாட்டில் எப்போதோ நிறைவேறிவிட்டது. டாஸ்மாக் பணம் வருகிறது. குடியமர்த்தல்தான் வரவில்லை.

தேர்தலில் என்ன ஆயிற்று? கரீம்நகர், சோலாப்பூர் என மக்களவையில் இரண்டே இடங்கள். பம்பாயில் அம்பேத்கரே தோற்றார். தனித்தொகுதி நமக்கு, வாக்கு எல்லோருக்கும் என்ற ஏற்பாட்டில், நம் மக்களின் கட்சியைவிட மற்றவர்களின் கட்சியில் உள்ள நம் ஆளே ஜெயிக்க முடியும். பூனா ஒப்பந்தம் அன்று கணக்குத் தீர்த்துக்கொண்டது.

தோற்ற பிறகும் அந்த மரபு சாகவில்லை. 1964இல், சிவராஜ் மறைந்த அதே ஆண்டு, குடியரசுக் கட்சி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் பத்துக் கோரிக்கைகளைக் கொடுத்தது. உழுபவருக்கு நிலம், தரிசு நிலம் நிலமற்றோருக்கு, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை முழுமையாக அமல்படுத்து, உணவு தானியத்தைச் சரியாக விநியோகி, விலைவாசியைக் கட்டுப்படுத்து, குடிசைப் பகுதிகளை மேம்படுத்து, வேலைவாய்ப்பில் ஒதுக்கீட்டை நிரப்பு, வன்கொடுமையை நிறுத்து. முதல் கோரிக்கை நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அம்பேத்கர் படம். டிசம்பர் 6 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் சிறை சென்றார்கள். தாதாசாகேப் கெய்க்வாட் முன்னின்ற போராட்டம். படம் 1990இல் மாட்டப்பட்டது. நிலத்துக்கு இன்னும் தேதி வரவில்லை. படத்தைக் கொடுப்பது எல்லாக் கட்சிக்கும் எளிது. எங்கள் மாணவர்களிடம் இதைச் சொன்னால் படத்துக்கு எதிராகப் பேசுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். படமும் வேண்டும். பத்தும் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அறிக்கை மூன்று பெரிய வாக்குறுதிகளைத் தந்தது: இரண்டு ரூபாய்க்கு அரிசி, இலவச வண்ணத் தொலைக்காட்சி, நிலமற்ற விவசாயக் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர். அரிசி வந்தது, அதை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். பசித்தவருக்குத்தான் அதன் மதிப்புத் தெரியும். ஒன்றரைக் கோடிக்கும் மேல் தொலைக்காட்சிப் பெட்டிகள் வீடு வீடாகப் போயின. நிலத் திட்டமும் அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. சிலருக்குப் பட்டா கிடைத்தது. பிறகு அது சத்தமில்லாமல் நின்றது. தொலைக்காட்சிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போக ஊரில் யாரும் எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை. இரண்டு ஏக்கர் நிலம் சேரிக்குப் போனால், 1931இல் கூடிய கூட்டம் மறுபடி கூடும். கட்சிகளுக்கு அது தெரியும்.

அதே 2006இல் வேறொன்றும் நடந்தது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரி 2 அன்று முதல் இருநூறு மாவட்டங்களில் அமலுக்கு வந்தது. சிவகங்கை அதில் ஒன்று. இடதுசாரிகளின் ஆதரவில் நின்ற ஒரு கூட்டணி அரசு, தன் குறைந்தபட்சச் செயல்திட்டத்தில் எழுதியதைச் சட்டமாக்கியது. கேட்டால் பதினைந்து நாளில் வேலை, இல்லையென்றால் படி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. நாலணா, இரண்டணா என்று பிரித்து எழுதிய அதே மண்ணில் நம் பெண்கள் கண்மாய்க்கரையில் மண்வெட்டியோடு நின்று ஆண் கூலியை வாங்கினார்கள். ‘நூறு நாள் வேலை வந்ததும் வயலுக்கு ஆளே கிடைக்கலை’ என்று நிலம் வைத்திருந்தவர்கள் புலம்பியது நம் எல்லோர் காதிலும் விழுந்தது. அந்தப் புலம்பலைவிட நல்ல சான்றிதழ் ஒரு சட்டத்துக்குக் கிடைக்காது. படி ஒழுங்காகக் கிடைத்ததா, கூலி நாளுக்கு வந்ததா என்றால் இல்லை. ஆனாலும் மனு எழுத ஒரு சட்டப்பிரிவு இருந்தது.

பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டமும் அப்படித்தான். 1979–80 முதல் நடைமுறையில் இருக்கிறது; பணம் வேறு தலைப்புகளுக்குப் போனால் கேட்க வழியில்லாமல் இருந்தது. ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் அதைச் சட்டமாக்கின. தமிழ்நாடு 2024இல்தான் இயற்றியது. சமூகநீதியின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்துக்குப் பதினோரு ஆண்டுத் தாமதம்.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. இதே மாவட்டத்தில் கச்சநத்தத்தில் 2018 மே மாதம் மூவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2022இல் சிவகங்கைச் சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பு வந்தது, செத்தவர்கள் வரவில்லை. கண்டதேவித் தேர்வடத்தைத் தொட 1998 முதல் நீதிமன்றப் படியேறினோம். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர், 2024 ஜூனில் போலீஸ் காவலில் ஓடியது. தேர் ஓட ஒரு காவல்படை வேண்டியிருக்கிறது என்றால், இரண்டு ஏக்கருக்கு எத்தனை பேர் வேண்டும்?

கடைசியாக ஒரு வேலை. பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது நம் பகுதித் தோழர்கள் செங்கல்பட்டுக் கதையையே சொல்கிறார்கள். 1891இல் திரெமென்கீர் எழுதிய அறிக்கை, 1892 செப்டம்பர் 30 அரசாணை, 1994இல் காரணையில் தொடங்கிய போராட்டத்தில் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியான இருவர். எல்லாம் சரி. ஆனால் சிவகங்கையும் இராமநாதபுரமும் ஜமீன்கள். இங்கே நிலம் அரசு கையில் இல்லை, ஜமீன் கையில் இருந்தது. அந்த ஆணை இந்தப் பக்கம் சரியாக இறங்கவே இல்லை. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே புறம்போக்கு அரசிடம் வந்தது. எனவே நம் ஊர்களில் தேட வேண்டியது அதற்குப் பிந்தைய நிபந்தனை ஒப்படைகளை. யாருக்குக் கொடுத்தார்கள், என்ன நிபந்தனை, இப்போது யார் பெயரில் இருக்கிறது, அதற்குக் கண்மாய் மடையிலிருந்து தண்ணீர் போகிறதா. நிலம் நம் பெயரிலும் மடை அவர்கள் கையிலும் இருந்தால் அது 1931தான்.

நாங்கள் மூன்று ஊர்களுக்கு முயன்றோம். ஓர் அலுவலகத்தில் பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது என்றார்கள். தகவல் உரிமை மனுப் போட்டதும் கரையான் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வரும் மாணவர்கள் அவரவர் ஊரின் ‘அ’ பதிவேட்டு நகலோடு வாருங்கள். தேர்தல் வருகிறது, வேட்பாளர்கள் தெருவுக்கு வருவார்கள். சர்வே எண்ணைச் சொல்லி, இந்த நிலத்துக்கும் இந்த மடைக்கும் உங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று கேட்போம். பதிலை எழுதி வாங்கிக்கொள்வோம்.